வளைந்து போகும் பந்தும் கடலூரில் மறைந்த எஞ்சினியரும்

கோல்ஃப் ஆட்டத்துக்கும் எனக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. ரயில் பாதையைப் பராமரிப்பதிலேயே உத்தியோக காலம் முழுவதும் கழிந்துவிட்டது. அப்படிப்பட்டவன் நம் சங்க மலரில் கோல்ஃப் பந்தைப் பற்றி எழுத வந்திருக்கிறேன் என்றால், மட்டாஞ்சேரியில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் நண்பர் ஒருவரே காரணம். தம் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

நண்பர் திருநெல்வேலிக்காரர். மிளகு, சுக்கு வியாபாரம். இப்போது மகன் கடையைப் பார்த்துக்கொள்கிறான். நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவர் என்னை எஞ்சினியர் சார் என்பார். (நான் டிப்ளமா படித்தவன்தான், இருந்தாலும் அவர் விடமாட்டார்.) சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு இருதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. நிறைய நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் கடைத்தெருவில் நடந்தால் பத்தடிக்கு ஒருவர் நிறுத்தி மிளகு விலை கேட்கிறார். இந்த நிலையில்தான் உறவினர் ஒருவர் அவரைக் கோல்ஃப் பழகச் சொன்னார். பந்தை அடித்துவிட்டு அதைத் தேடிக்கொண்டு நடக்க வேண்டும், வேறு வழியில்லை. யோசனை பலித்தது. அண்ணாச்சி பந்தைத் தேடி நடந்த தூரம் டாக்டர் சொன்னதைவிட அதிகம்.

ஒரு நாள் காலை என்னையும் அழைத்துப் போனார். தோப்பும்படி, வெல்லிங்டன் தீவு, வெண்டுருத்திப் பாலம், எர்ணாகுளம், பிறகு கோஸ்ரீ பாலம் என்று சுற்றிக்கொண்டு போல்காட்டித் தீவுக்குப் போனோம். 1744ல் டச்சுக்காரர்கள் கட்டிய அரண்மனையும், அதை ஒட்டி ஒன்பது குழிகள் கொண்ட மைதானமும் அங்கே. சுற்றிலும் காயல். பார்க்கக் கண் கொள்ளாக் காட்சி. ஆனால் பந்து வளைந்து போகிறவருக்குத் தண்ணீர் இத்தனை பக்கத்தில் இருப்பது நல்லதல்ல.

அண்ணாச்சி டிரைவரை எடுத்தார். எங்கள் இலாகாவில் டிரைவர் என்றால் என்ஜின் ஓட்டுபவர். இவர்கள் அகராதியில் மிக நீளமான மட்டைக்கு அந்தப் பெயர். ஓங்கி அடித்தார். பந்து கொஞ்சம் இடது பக்கமாகக் கிளம்பி அழகாகத்தான் போயிற்று. பாதி தூரம் போனதும் யாரோ நூல் கட்டி இழுத்தது போல வலது பக்கம் திரும்பி, திரும்பி, மேலும் திரும்பிக் காணாமல் போய்விட்டது. பையைத் தூக்கிவந்த இளைஞர் கூசாமல், "சாரே, பந்து வெள்ளத்தில்" என்றார். கொச்சிக்கு வந்து இத்தனை வருஷமாகியும் வெள்ளம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்குப் பெருமழைதான் ஞாபகம் வருகிறது.

வலது கை ஆட்டக்காரர் அடித்த பந்து இப்படி வலப்பக்கம் வளைந்து போவதற்கு ஸ்லைஸ் என்று பெயர். இடப்பக்கம் வளைந்தால் ஹூக். உலகெங்கும் புதிதாக ஆடுகிறவர்களைப் பிடித்து ஆட்டும் வியாதி முதலாவதுதான்.

அன்று ஐந்து பந்துகள் போயின. திரும்பும்போது காரில் அண்ணாச்சி சொன்னார்: "என்ன சார், அம்புட்டு ரயிலையும் வளைவுல கவுக்காம ஓட விட்டியளே, இந்தப் பந்தை நேரா ஓட வைக்க முடியாதா?"

இதைக் கேட்டுவிட்டு எந்த எஞ்சினியர் சும்மா இருப்பான்? பழைய புத்தகக் கடை ஒன்றில் ஆங்கிலக் கையேடு ஒன்று கிடைத்தது. ஒரே ராத்திரியில் படித்து முடித்தேன். அதில் சட்டம் தெளிவாகப் போட்டிருந்தது: பந்து, மட்டை வீசப்படும் திசையில் கிளம்பும், பிறகு மட்டையின் முகம் பார்த்த திசையை நோக்கி வளையும். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! அண்ணாச்சியின் பந்து கொஞ்சம் இடது பக்கம் கிளம்பியது. ஆகவே வீச்சில் கொஞ்சம்தான் பிசகு. கடைசியில் வலக்கோடிக்குப் போயிற்று. ஆகவே முகம் வலப்பக்கம் வெகுவாகத் திறந்திருக்கிறது. "வீச்சை விட்டுவிடுங்கள் அண்ணாச்சி. முகத்தை இடப்பக்கம் நன்றாகத் திருப்பிப் பிடியுங்கள்" என்று தீர்ப்பு எழுதிவிட்டேன்.

பலன் விபரீதமாக முடிந்தது. பந்து வளையாமல், அம்பு மாதிரி நேராக, ஆனால் இடது கோடியில் போய் விழுந்தது. அங்கே ஆடிக்கொண்டிருந்தவர்கள் கையை உயர்த்திச் சத்தம் போட்டார்கள். பயந்துபோன அண்ணாச்சி அடுத்த அடிக்கு முகத்தை மறுபடி திறந்து, பந்து வலது பக்கம் போய்விடக் கூடாதே என்று மட்டையை முன்னைவிட இடப்பக்கமாக இழுத்து வீசினார். அந்தப் பந்து முன்பு எப்போதும் வளையாத அளவுக்கு வளைந்தது. அதுவரை ஒரு பக்கம் மட்டும் தொலைந்துகொண்டிருந்த பந்து, என் உபதேசத்துக்குப் பிறகு இரண்டு பக்கமும் தொலைய ஆரம்பித்தது.

இரண்டு வாரம் பார்த்தார். பிறகு மட்டைகளைப் பரணில் ஏற்றிவிட்டார். நடையும் நின்றது. மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போனபோது எடை ஏறியிருந்தது, டாக்டர் கடிந்துகொண்டார். அவர் வீட்டு அம்மா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. காபி மட்டும் கொடுத்தார்கள். சொல்லியிருந்தால் தேவலை போலிருந்தது.

எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. எங்கே தப்பு செய்தேன்?

விடை கிடைத்த இடத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். கேரம் ஆடிய எல்லோருக்கும் தெரிந்த விஷயம்: ஸ்ட்ரைக்கர் எந்தத் திசையிலிருந்து வந்தாலும், அது காயைத் தொடும் இடத்துக்கும் காயின் மையத்துக்கும் உள்ள கோட்டில்தான் காய் ஓடும். வருகிற திசை அல்ல, தொடுகிற இடம்தான் முக்கியம். உராய்வினால் சிறிதளவு விலகும், அவ்வளவே. பந்தை அடிக்கும் மட்டைக்கு மட்டும் தனி நியாயமா? மட்டையின் முகம் ஒரு தட்டையான பரப்பு. அது பந்தைத் தள்ளுவது தன் முகத்துக்குச் செங்குத்தாக. அப்படியானால் பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் முகம்தானே தீர்மானிக்க வேண்டும்? கையேடு தலைகீழாக அல்லவா சொல்கிறது!

கையேடு தலைகீழாகத்தான் சொல்லியிருந்தது. அந்தக் கையேடு மட்டுமல்ல. பல்லாண்டு காலம் பயிற்சியாளர்கள் அப்படியே கற்பித்து வந்தார்கள். தியோடர் ஜார்கென்சன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1993ல் வெளியிட்ட கோல்ஃப் இயற்பியல் புத்தகத்தில் சரியான வடிவ கணிதத்தை எழுதி வைத்தார். ஆனால் மைதானத்தில் யார் இயற்பியல் படிக்கிறார்கள்? 2003ல் டென்மார்க்கில் டிராக்மேன் என்ற கம்பெனி தொடங்கி, பீரங்கிக் குண்டுகளைப் பின்தொடரும் ராடார் நுட்பத்தைக் கோல்ஃப் பந்துக்குக் கொண்டுவந்தது. பந்து கிளம்பும் திசை, சுழற்சி, மட்டையின் பாதை எல்லாம் எண்களாக வந்து விழுந்தன. டிரைவரால் அடிக்கும்போது பந்து கிளம்பும் திசையில் சுமார் 85 சதவீதம் முகத்தின் கைங்கரியம். வீச்சின் பங்கு 15 தான். இரும்பு மட்டைகளில் முகத்தின் பங்கு ஏறக்குறைய 75 சதவீதம். ஆக, பந்து கிளம்புவது முகம் பார்த்த பக்கம். வளைவது, முகத்துக்கும் வீச்சுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தால்.

இதை அண்ணாச்சியின் கேசில் பொருத்திப் பார்த்தேன். உதாரணக் கணக்காக, வீச்சு இலக்குக்கு 6 டிகிரி இடப்பக்கம், முகம் 2 டிகிரி இடப்பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்து 2.6 டிகிரி இடப்பக்கமாகக் கிளம்பும். வளையாமல் போனால் 180 மீட்டரில் எட்டு மீட்டர் தள்ளி விழும். பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் முகம் வீச்சைவிட 4 டிகிரி வலப்பக்கம் திறந்திருக்கிறதே, அதுதான் பந்தை வலப்பக்கம் வளைக்கிறது. நான் என்ன செய்தேன்? சுமாராக இருந்த முகத்தைத் திருப்பச் சொல்லிவிட்டு, பிசகாக இருந்த வீச்சைத் தொடாதே என்றேன். முகமும் 6 டிகிரி இடப்பக்கம் திரும்பியதும் வித்தியாசம் பூஜ்யம், ஆகவே வளைவில்லை, பந்து நேரே இடது கோடிக்கு. கணக்கு அப்படியே பொருந்துகிறது. தவறான சிகிச்சையின் விளைவைச் சரியான சட்டம் அச்சாக விளக்கியதைப் பார்த்தபோது சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா என்று தெரியவில்லை.

வெட்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. வண்டி தடம் புரண்டால் விசாரணைக்குப் போகிறவர்கள் கவிழ்ந்து கிடக்கும் வேகனைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருப்பதில்லை. சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தின் மேல் ஏறிய இடத்தைத் தேடுவோம். தண்டவாளத்தின் தலையில் மெல்லிய கீறலாக அது தெரியும். அங்கிருந்து வண்டி வந்த திசையில் பின்னோக்கி அளந்துகொண்டு போனால்தான் காரணம் அகப்படும். வேகன் விழுந்து கிடக்கும் இடம் விளைவு. சக்கரம் ஏறிய இடம்தான் தடயம். அத்தனை காலம் இதைச் செய்தவன், அண்ணாச்சியின் விஷயத்தில் பந்து எங்கே விழுந்தது என்பதை வைத்து மட்டையின் முகத்துக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

இனி, வளைவது ஏன் என்ற கேள்வி. இங்கேதான் நம் கடலூர் வருகிறது.

1672ல் நியூட்டன் ஒளியைப் பற்றி எழுதிய ஒரு கடிதத்தில், சாய்ந்த ராக்கெட்டால் அடிபட்ட டென்னிஸ் பந்து வளைந்து போவதைக் கண்டதாகப் போகிற போக்கில் குறிப்பிட்டார். அதோடு விட்டுவிட்டார். அதைச் சோதனை போட்டுப் பார்த்தவர் பெஞ்சமின் ராபின்ஸ். 1707ல் இங்கிலாந்தில் பாத் நகரில் பிறந்தவர், கணிதத்தில் கெட்டிக்காரர். 1742ல் பீரங்கிக் கலையைப் பற்றிப் புதிய கோட்பாடுகளை வகுத்துப் புத்தகம் எழுதினார். துப்பாக்கிக் குண்டின் வேகத்தை ஊசலாடும் மரக்கட்டையில் சுட்டு அளக்கும் முறையைக் கண்டவர் அவர்தான். அந்தக் காலத்துத் துப்பாக்கிகளில் உருண்டைக் குண்டு. ஒரே துப்பாக்கியை அசையாமல் கட்டிவைத்துச் சுட்டாலும் ஒரு குண்டு வலப்பக்கமும் அடுத்தது இடப்பக்கமும் போகும். ராபின்ஸ் சொன்னார்: குழாயின் சுவரில் உரசுவதால் குண்டு சுழல்கிறது, சுழல்வதால் காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளுகிறது.

சொன்னதோடு நில்லாமல் செய்துகாட்டிய சோதனை இருக்கிறதே, அதைப் படித்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். ஒரு துப்பாக்கிக் குழாயை வாய்ப்பக்கத்தில் கொஞ்சம் இடது பக்கமாக வளைத்தார். குண்டு போகும் வழியில் மெல்லிய தாள் திரைகளைத் தொங்கவிட்டார். யாரும் என்ன நினைப்பார்கள்? வளைந்த குழாயிலிருந்து வரும் குண்டு இடப்பக்கம் போகும் என்றுதானே? ராபின்ஸ் வேறு விதமாகக் கணித்தார். குழாய் இடப்பக்கம் வளைவதால் குண்டு வலது சுவரில் அழுந்தி உரசும். குண்டின் வலப்பக்கம் பின்னுக்கு இழுபடும். ஆகவே குண்டு இடப்பக்கமாகக் கிளம்பினாலும் சுழற்சியால் வலப்பக்கம் வளையும். சுட்டார்கள். திரைகளில் விழுந்த துளைகள் அப்படியே சொல்லின. குண்டு இடப்பக்கம் கிளம்பி, குறிக்கோட்டைக் கடந்து வலப்பக்கம் போயிற்று.

போல்காட்டியில் அண்ணாச்சி அடித்த பந்து அதுவேதான்! இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளைந்த அந்தச் சனியனை ராபின்ஸ் கிட்டத்தட்ட 280 வருஷத்துக்கு முன்பே துப்பாக்கியில் செய்துகாட்டிவிட்டார். திரை கட்டி வழி நெடுகத் தடயம் எடுத்தார் பாருங்கள். விழுந்த இடத்தை மட்டும் பார்த்திருந்தால் அவருக்கும் ஒன்றும் விளங்கியிருக்காது.

அவர் புத்தகத்தை ஜெர்மன் மொழியில் பெயர்த்து 1745ல் வெளியிட்டவர் சாமான்யர் அல்ல. மாபெரும் கணித மேதை ஆய்லர். அந்த ஆய்லரே சுழற்சி விஷயத்தை ஒப்புக்கொள்ளவில்லை. குண்டு சரியான உருண்டையாக இல்லாததால் விலகுகிறது என்று சொல்லிவிட்டார். நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1852ல், பெர்லினில் ஹைன்ரிக் மாக்னஸ் என்பவர் மறுபடி சோதனை செய்தார். இன்று பாடப் புத்தகங்களில் இதன் பெயர் மாக்னஸ் விளைவு. ராபின்ஸ் பெயர் இல்லை. சிலர் மட்டும் அவருடைய பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

ராபின்ஸுக்கு 1746ல் ராயல் சொசைட்டியின் காப்லி பதக்கம் கிடைத்தது. அதே 1746ல் இங்கே பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆங்கிலேயக் கம்பெனியின் தலைமையிடம் கடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டைக்கு மாறியது. 1749ல் சென்னை திரும்பக் கிடைத்தாலும் கோட்டைகள் எல்லாம் பலவீனமாக இருந்தன. அவற்றைச் சீர்படுத்தக் கம்பெனி தேடிப் பிடித்த தலைமை எஞ்சினியர் இந்த ராபின்ஸ். 1750ல் வந்து சேர்ந்தார். சென்னைக் கோட்டைக்கும் கடலூர்க் கோட்டைக்கும் திட்டங்கள் போட்டார். நம் ஊர்ச் சீதோஷ்ணம் ஒத்துக்கொள்ளவில்லை. காய்ச்சலில் விழுந்து, 1751 ஜூலை 29ஆம் தேதி செயின்ட் டேவிட் கோட்டையில் காலமானார். வயது 44. ஏழு ஆண்டுகளில் பிரெஞ்சுத் தளபதி லாலி அந்தக் கோட்டையைப் பிடித்துத் தகர்த்துவிட்டான்.

அந்தக் கோட்டையைப் பற்றி இன்னொரு விஷயம். கடலூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். 1690ல் மராட்டியர்களிடமிருந்து கம்பெனி அதை வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்கள் எல்லாம் சேர்த்தி என்று பேச்சு. நாலு திசையிலும் சுட்டு எல்லை வகுத்தார்கள். அந்த வட்டாரத்தில் குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்று பெயர்கள் இன்றும் இருக்கின்றன. குண்டு விழுந்த இடத்தை வைத்து எல்லை போட்ட கோட்டை அது. குண்டு ஏன் நேரே போகாது என்று கண்டுபிடித்த மனிதர் கடைசி மூச்சை விட்டதும் அங்கேயே. நான் வேலை பார்த்த காலத்தில் கடலூர் ஜங்ஷன் வழியாகப் பலமுறை போயிருக்கிறேன். தெரிந்திருந்தால் இறங்கி ஒரு நடை பார்த்திருப்பேன்.

கோல்ஃப் மைதானத்துக்கு வருவோம். சுழலும் பந்து தன்னை ஒட்டிய காற்றைச் சேர்த்து இழுக்கிறது. அதனால் பந்துக்குப் பின்னால் விலகிப் போகும் காற்றோட்டம் ஒரு பக்கமாகத் திரும்புகிறது. காற்றை ஒரு பக்கம் தள்ளினால் காற்று பந்தை மறுபக்கம் தள்ளும். எளிதாக நினைவு வைத்துக்கொள்ள ஒரு வழி: பந்துக்கு முன்பக்கம் ஒரு மூக்கு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மூக்கு எந்தப் பக்கம் திரும்பிச் சுழல்கிறதோ அந்தப் பக்கம் பந்து வளையும்.

கோல்ஃப் மட்டையின் முகம் மேல்நோக்கிக் கொஞ்சம் சாய்ந்திருக்கும். அது பந்தின் முதுகைக் கீழ்ப்பக்கமாக உரசுவதால் மூக்கு மேல்நோக்கிச் சுழல்கிறது, இதுதான் பின்சுழற்சி. டிரைவர் அடியில் நிமிஷத்துக்கு 2,500 சுற்றுக்கு மேல் சாதாரணம். இந்தச் சுழற்சியே பந்தைக் காற்றில் தாங்கிப் பிடிக்கிறது. எடின்பரோ பேராசிரியர் டெய்ட் இதை 1890களில் ஆராய்ந்தார். பந்தில் நாடாவைக் கட்டி அடிக்கச் சொல்லி, நாடா எத்தனை முறுக்கு ஏறியிருக்கிறது என்று எண்ணினாராம். அவர் மகன் ஃப்ரெடி டெய்ட் 1896லும் 1898லும் பிரிட்டிஷ் அமெச்சூர் சாம்பியன். அப்பா கணக்குப் போட, பிள்ளை அடிக்க, நல்ல குடும்பம். பாவம், அந்தப் பிள்ளை 1900ல் போயர் யுத்தத்தில் செத்துப்போனான்.

பின்சுழற்சி ஒன்று, பக்கச் சுழற்சி ஒன்று என்று இரண்டு சுழற்சி பந்துக்குள் இருப்பதாகச் சிலர் பேசுவார்கள். பந்துக்கு இருப்பது ஒரே சுழற்சி, ஒரே அச்சு. வீச்சும் முகமும் ஒத்துப்போனால் அச்சு சமமட்டமாக இருக்கும். தாங்கும் விசை நேர் மேலே. ஒத்துப்போகாவிட்டால் அச்சு சாய்ந்துவிடும். தாங்கும் விசையும் சாயும். ஆகாய விமானம் ஒரு பக்க இறக்கையைத் தாழ்த்தித் திரும்புவது போல. மேலே சொன்ன 4 டிகிரி வித்தியாசத்தை எடுத்துக்கொண்டால், சாய்வு குறைந்த டிரைவரில் அச்சு சுமார் 18 டிகிரி சாய்ந்துவிடும். தாங்கும் விசையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பக்கவாட்டில் இழுக்கும். அதே 4 டிகிரி, முகம் நன்றாகச் சாய்ந்த குட்டை இரும்பு மட்டையில் 6 டிகிரிச் சாய்வுதான் தரும். அண்ணாச்சி எப்போதும் சொல்வார், "குட்டை மட்டை நம்ம பேச்சைக் கேக்கும், இந்த டிரைவர்தான் துரோகி" என்று. இரண்டிலும் ஒரே தப்பைத்தான் செய்துகொண்டிருந்தார். டிரைவர் அதைக் காட்டிக்கொடுத்தது, குட்டை மட்டை மூடி மறைத்தது.

மட்டையின் நடுவில் படாமல் நுனியிலோ அடியிலோ பட்டாலும் வளைவு வரும். அடி விழும்போது மட்டைத்தலை சற்றுத் திருகிக்கொள்ள, பந்து பற்சக்கரம் போல எதிர்த்திசையில் சுழல்கிறது. நுனியில் பட்டால் ஹூக் பக்கம், குதிகால் பக்கம் பட்டால் ஸ்லைஸ் பக்கம். டிரைவரின் முகம் கொஞ்சம் பிதுங்கி வளைந்திருப்பது இதைச் சரிக்கட்டத்தான்.

காற்றின் மேல் பழி போடுகிறவர்களும் உண்டு. நம் கொச்சியில் பிற்பகல் கடற்காற்று பந்தைத் தள்ளும்தான். ஆனால் காற்று பந்துக்குச் சுழற்சி கொடுப்பதில்லை. காலை ஏழு மணிக்கு இலை அசையாத நேரத்தில் வளைந்த பந்துக்குக் காற்று எப்படிப் பொறுப்பாகும்? கிரிக்கெட்டில் வேகப் பந்து ஸ்விங் ஆவதை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது பந்தின் தையல் செய்யும் வேலை. சுழல் பந்து வீச்சாளரின் பந்து காற்றிலேயே நகர்கிறதே, அதுவும், 1997ல் பிரான்சுக்கு எதிராக ராபர்ட்டோ கார்லோஸ் அடித்த ஃப்ரீ கிக்கும் நம்முடைய கேஸ். பிரேசில் கொடி பறக்கும் நம் கொச்சித் தெருக்களில் அந்த கோலை நான் விளக்க வேண்டியதில்லை.

இத்தனையும் நோட்டில் எழுதிக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். "நான் சொன்னது தப்பு. உங்கள் ஆட்டத்தைக் கெடுத்தது நான்தான்." அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதுக்கென்ன சார், கொள்முதல்ல நஷ்டம் வர்றதுதான்" என்றார். அந்த அம்மா இந்தத் தடவை காபியோடு முறுக்கும் வைத்தார்கள்.

மறு வாரம் மைதானத்தின் ஓரத்தில் பயிற்சி. நான் கொண்டுபோனது மூன்று சாமான்: ஒரு மூங்கில் குச்சி, ஒரு வெறும் அட்டைப்பெட்டி, ஒரு சாக்கட்டி. குச்சியைப் பந்துக்கு முன்னால் இலக்கு நோக்கிய நேர்கோட்டில் மூன்று மீட்டர் தள்ளி நட்டேன். பந்து குச்சியின் எந்தப் பக்கமாகப் போகிறது என்பதை மட்டும் நான் பார்த்துச் சொல்வேன். எங்கே போய் விழுந்தாலும் அண்ணாச்சி கவலைப்படக் கூடாது. குச்சியைக் கடக்கும் பக்கம் முகத்தைச் சொல்லும். அதற்குப் பிறகு வளையும் பக்கம், முகத்துக்கும் வீச்சுக்கும் உள்ள சண்டையைச் சொல்லும். சாக்கட்டியை மட்டையின் முகத்தில் தேய்த்தால் பந்து பட்ட இடம் வட்டமாகத் தெரியும். நடுவில் படுகிறதா என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். தண்டவாளத்தில் குறி போட்ட சாக்கட்டி இங்கேயும் கைகொடுத்தது.

அட்டைப்பெட்டிதான் மருந்து. ஸ்லைஸ் அடிப்பவர்கள் மட்டையை வெளியிலிருந்து உடம்புப் பக்கம் வெட்டி இழுப்பார்கள். பந்துக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் பின்னால், பெட்டியை வைத்துவிட்டால் வெட்டி இழுக்கும் மட்டை பெட்டியில் இடிக்கும். இடிக்காமல் அடிக்க வேண்டுமானால் வீச்சு உள்ளிருந்து வந்தே தீர வேண்டும். இதை வாயால் சொல்லிப் பயனில்லை. மட்டை பந்தைத் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு வினாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம். மட்டைத்தலை வினாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் வந்தால் அதற்குள் இரண்டு சென்டிமீட்டர்தான் நகரும். அந்த நேரத்தில் சராசரியாக அரை டன்னுக்கு மேல் விசை. கைக்குத் தகவல் வருவதற்குள் பந்து எங்கோ போய்விட்டிருக்கும். "இப்போ நேராத்தான் வீசினேன்" என்று ஆட்டக்காரர் சத்தியம் செய்தாலும் நம்புவதற்கில்லை. நாங்களும் வளைவில் பாதை சரியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்வதில்லை. இருபது மீட்டர் நூலைப் பிடித்து நடுவில் எத்தனை மில்லிமீட்டர் விலகல் என்று அளப்போம்.

முதல் நாள் பெட்டி நசுங்கிக் கூழாகிவிட்டது. கடையிலிருந்து இன்னும் நாலு பெட்டி வரவழைத்தார். மிளகு வாசனை அடித்தது. இரண்டாம் நாள் இருபது அடியில் ஏழு பெட்டியைத் தொடவில்லை. அந்த ஏழில் பந்து குச்சியின் வலப்பக்கம் ஒரு சாண் தள்ளிப் போயிற்று. வளைவும் மிகச் சிறிது. வலப்பக்கம் போகிறதே என்று அவர் முகம் வாடியது. "அண்ணாச்சி, வீச்சு சரியாகிவிட்டது. இப்போதுதான் முகத்தைக் கொஞ்சம் திருப்ப வேண்டும்" என்றேன். அதாவது, அன்று நான் சொன்ன அதே வைத்தியம். ஆனால் அதற்குரிய வேளை இப்போதுதான் வந்தது. பிடியை ஒரு விரல் அகலம் திருப்பினார். அடுத்த பந்து குச்சியின் உச்சியை உரசுவது போலப் போய், புல்வெளி நடுவில் விழுந்தது. பை தூக்கும் இளைஞர் தண்ணீர்ப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டு, பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

அன்றிலிருந்து அண்ணாச்சி வாரத்துக்கு மூன்று நாள் போகிறார். போன பரிசோதனையில் டாக்டர் ஒன்றும் குறை சொல்லவில்லையாம். நான் மலருக்காக இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "எஞ்சினியர் சார், ரெண்டு நாளா பந்து குச்சிக்கு வலப்பக்கம் கெளம்பி இடப்பக்கமா வளையுது. ராபின்ஸ் என்ன சொல்லுதாரு?"

நாளைக் காலை ஆறரைக்குப் போகிறோம்.